இடது காது

கொல்லைப்பக்கத் தொட்டியிலிருந்து தலைக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த ஸ்டீவ் திடீரென்று குளிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அடுப்படி ஜன்னல் வழியாக ஜாய்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்களை இறுக மூடி, நெற்றியைச் சுவரில் வைத்து, காலை அகட்டி நின்றான். குவளை கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக்கூட அவன் குனியவில்லை. சற்று நேரம் கழித்துத் தலையை இடது பக்கம் சாய்த்து, துண்டின் முனையைக் காதுக்குள் விட்டுத் திருகினான். பிறகு ஒன்றும் நடக்காதவன் மாதிரி மீதித் தண்ணீரைக் கழுத்துக்குக் கீழே மட்டும் ஊற்றிக்கொண்டு, பாட்டு ஒன்றை முனகியபடி உள்ளே வந்தான்.

அவன் விடுமுறையில் வந்ததிலிருந்தே ஜாய்ஸ் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். இடது பக்கமிருந்து கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. செல்போனை வலது காதில்தான் வைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டுவிட்டு, ஒலிபெருக்கி வலது பக்கம் வருகிற மாதிரி ஓரமாகப் போய் உட்கார்ந்தான். கேட்டால், காதில் அழுக்கு அடைத்திருக்கிறது என்றான். மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருந்ததால் டீச்சரான அவளுக்கு அன்று வகுப்பு இல்லை. தட்டில் இட்லியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்டீவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. கப்பல்கள் வந்து அணைகிற தளங்களுக்கு அடியில், கடலுக்குள் வரிசையாக நிற்கும் கான்கிரீட் தூண்களைச் சோதித்துச் சொல்கிற முக்குளிப்பாளன். பார்ப்பது என்று பேர்தானே தவிர, அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாது. விளக்கடித்தால் கலங்கல்தான் மஞ்சளாகத் திரும்பி வரும். தூணில் அப்பியிருக்கும் சிப்பியைச் சுரண்டிவிட்டு, சுத்தியலால் தட்டி, கையுறையைக் கழற்றி விரலால் தடவித்தான் விரிசலைக் கண்டுபிடிக்க வேண்டும். எந்தத் தூணில் கம்பி துருப்பிடித்து வெளியே வந்திருக்கிறது, கப்பல் இடிக்காமலிருக்கத் தொங்கவிட்ட ரப்பர் மெத்தைகளின் சங்கிலியில் எந்தக் கண்ணி தேய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் அவன் முகமூடிக்குள்ளிருந்து மைக்கில் சொல்ல, மேலே படகில் இருப்பவர் எழுதிக்கொள்வார். நாகமலை அடிவாரத்துக் கிணறுகளில் நீச்சல் பழகியவன், கடலைப் பார்த்ததே இருபது வயதுக்குமேல்தான். அந்த வேலை கிடைத்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். மற்றவர்கள் பயப்படுகிற இருட்டில் தனக்கு மட்டும் நிம்மதியாக இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை அவளிடம் சொல்லியிருக்கிறான்.

"அழுக்குன்னா ஒரு டாக்டர்ட்ட காட்டுனா எடுத்துருவாருல்ல" என்றாள்.

அவன் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, "வைகாசில ஒரு நாளு சளியோட எறங்கிட்டேன். கப்பல் வரப்போகுது, அதுக்குள்ள சங்கிலியப் பாத்துச் சொல்லணும்னாய்ங்க. பாதி தூரம் போகையில காதுக்குள்ள டப்புன்னுச்சு. அதுலருந்து பச்சத்தண்ணி உள்ள போனா கொஞ்சம் சுத்துது. அம்புட்டுதான்" என்றான்.

"கொஞ்சம்னா எம்புட்டு?"

"மேல எது கீழ எதுன்னு தெரியாது. தூணக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னா சரியாயிரும்."

"தூணு இல்லாத எடத்துல?"

அவன் தட்டுக்குக் குனிந்துகொண்டான். வருடா வருடம் எடுக்கவேண்டிய உடல்தகுதிச் சான்றிதழுக்காகத்தான் கம்பெனி அவனை விடுமுறையில் அனுப்பியிருந்தது. செவிப்பறையில் ஓட்டை என்று தெரிந்தால் ஆபரேஷன் என்பார்கள், மாதக்கணக்கில் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பார்கள், அதற்குப் பிறகும் இறங்கவிடுவார்களா என்று தெரியாது. இதையெல்லாம் அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்திலேயே அவளுக்குப் புரிந்தது. என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

நல்லகாமன் நனைந்துபோய் வந்திருந்தார். ஆலங்கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர். வண்டியை நிறுத்தாமலே பேசினார்.

"தம்பி, மடை ஷட்டரு எறங்க மாட்டேங்குது. அடியில என்னமோ கெடந்து முட்டுது. தண்ணி கன்னாபின்னான்னு போய்க்கிட்டு இருக்கு. மடைச் சொவத்த ஒட்டிக் கர சரிய ஆரம்பிச்சிருச்சு. தீயணைப்புக்காரய்ங்களுக்குச் சொல்லியாச்சு. அவய்ங்க அந்தப் பக்கம் எங்கிட்டோ மாட்டிக்கிட்டாய்ங்களாம். ஒரு எட்டு வந்து பாரேன்."

ஸ்டீவ் கை கழுவ எழுந்துவிட்டான். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை ஜாய்ஸ் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவன் இப்படி இருந்ததே இல்லை. அவனுக்குப் பின்னால் உள்ளறைக்குப் போனாள்.

"போகாதீங்க."

"சும்மா பாத்துட்டு வாரேன்."

"பாத்துட்டு வர்ற ஆளா நீங்க?"

முக்குளிக்கும் கண்ணாடியை அவன் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். வேறு சாமான் எதுவும் வீட்டில் இல்லை. காற்றுக்குழாய், பேசும் கம்பி எல்லாம் துறைமுகத்தில் கிடந்தன. அவள் குடையை எடுத்தாள். "அப்ப நானும் வாரேன். நீங்க எறங்குனா கயித்த நான்தான் பிடிப்பேன்" என்றாள். கயிற்றில் இழுத்துப் பேசுகிற பாஷையை அவளுக்கு அவனே விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன். இரண்டு என்றால் கயிறு விடு. விடாமல் இழுத்தால் தூக்கு.

கண்மாய்க்கரையில் கூட்டமாக இருந்தது. மழை விட்டிருந்தாலும் மலைப்பக்கம் கருத்துத்தான் கிடந்தது. கண்மாய் முழுக்க செந்தண்ணீர். உபரிநீர் போகிற கலுங்கில் ஒருபக்கம் வழிந்துகொண்டிருக்க, மறுபக்கம் மடை வழியாக வெளியேறிய தண்ணீர் கால்வாய்க்குள் அடங்காமல் பொங்கி, கரையின் அடிமண்ணை அரித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒரு பாளம் மண் சத்தமில்லாமல் கழன்று தண்ணீருக்குள் விழுந்தது. கீழே காலனி வீடுகளிலிருந்து ஆட்கள் சாமான்களைத் தூக்கி மேட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மிக்ஸியை மார்போடு அணைத்துக்கொண்டு, நடக்கமுடியாத மாமியாரை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு மேடேறினாள். சிமெண்ட் மேடையில் ஷட்டரைத் திருகும் சக்கரத்தோடு நான்கு பேர் மல்லுக்கட்டினார்கள். முக்கால்வாசி இறங்கிய ஷட்டர் அதற்குமேல் அசையவில்லை.

உதவிப் பொறியாளர் அசோக்குமார் சட்டையெல்லாம் சேறாக நின்றிருந்தார். ஸ்டீவ் தண்ணீருக்குள் இறங்கிப் பார்ப்பான் என்றதும் உடனே மறுத்துவிட்டார்.

"வேணாங்க. ஓடுற மடைக்கு முன்னாடி ஆள எறக்கக் கூடாது. இழுத்துச்சுன்னா ஷட்டரோட ஒட்டிக்கிருவீங்க, எடுக்க முடியாது."

"தெரியும் சார். அடியில கெடக்குறத எடுக்கப் போகல. பக்கவாட்டுல எறங்கி ஒரு வடத்த மட்டும் மாட்டிட்டு வந்துருவேன். நான் கரைக்கு வந்தப்பறம் டிராக்டர்ல கட்டி இழுங்க" என்றான் ஸ்டீவ்.

அசோக்குமார் அப்போதும் சம்மதிக்கவில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு மறுபடியும் போன் போட்டார். பேசிக்கொண்டே கரைச்சரிவைப் பார்த்தார். அந்த நேரத்தில் மடைச்சுவரை ஒட்டி ஒரு பெரிய மண்பாளம் வேலிச்செடியோடு பெயர்ந்து போனது. கூட்டம் பின்வாங்கியது. கீழே காலனியில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

"உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்."

அவர் ஜாய்ஸையும் பார்த்தார். அது கேள்விதான் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. மேட்டில் அந்த மாமியார் நனைந்த மூட்டையின்மேல் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டீவ் ஜாய்ஸைப் பார்க்காமல் கயிற்றை மார்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். ஜாய்ஸ் கயிற்றின் இன்னொரு நுனியைக் கையில் எடுத்து மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினாள். வாயைத் திறக்கவில்லை.

மடைக்குச் சற்றுத் தள்ளி, கல்படிக்கட்டு வழியாக இறங்கினான். கழுத்தளவு தண்ணீரில் நின்று மூச்சை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, முங்கினான். கயிறு அவள் உள்ளங்கையில் உயிருள்ளது போல நழுவியது. ஒரு இழுப்பு. அவளும் ஒரு தரம் இழுத்துப் பதில் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நல்லகாமனும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சீக்கிரமே மேலே வந்துவிட்டான். "தென்னந்தடி. ஒரு முனை ஷட்டருக்கடியில மாட்டிக்கிருச்சு, இன்னொரு முனை இந்தப்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு. ஈசியாக் கட்டிரலாம்" என்றான். பேசும்போது ஒரு கை படிக்கல்லை விடாமல் பற்றியிருந்ததை அவள் மட்டும்தான் பார்த்திருப்பாள். "போதும், வந்துருங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவனுடைய இடது காதுதான் அவள் பக்கம் இருந்தது.

இரும்பு வடத்தின் கொக்கியை வாங்கிக்கொண்டு மறுபடியும் முங்கினான்.

இந்த முறை கயிறு நேராகக் கீழே போய் நின்றது. வடம் ஆடியது. கீழே கை வேலை செய்கிறது என்று தெரிந்தது. ஒரு இழுப்பு வந்தது. வடம் அசைவதை நிறுத்தியது. கட்டி முடித்திருப்பான், இனி மேலே வருவான், கயிறு தொய்யும் என்று ஜாய்ஸ் காத்திருந்தாள். கயிறு தொய்யவில்லை. மெதுவாக, ஆனால் நிற்காமல், அவள் கையிலிருந்து இன்னும் உள்ளே போனது. சேற்றை நோக்கி, கீழே. பிறகு இரண்டு இழுப்பு.

"கயிறு கேக்குறாரும்மா, விடு" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

மறுபடியும் இரண்டு இழுப்பு. இப்போது அவசரமாக. ஜாய்ஸுக்குக் காதெல்லாம் அடைத்தது. கட்டி முடித்தவனுக்குக் கயிறு எதற்கு? மேலே வருகிறவனுக்குக் கயிறு எதற்கு? அவன் மேலே வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். வெளிச்சத்தை நோக்கி நீந்துவதாக நினைத்து அடியாழத்துக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், கயிறு தன்னைத் தடுக்கிறது என்று கோபப்படுகிறான்.

"இழுங்க" என்றாள்.

"அவரு விடச் சொல்றாரே?"

"இழுங்கண்ணே. நான் சொல்றேன்ல, இழுங்க."

அவள் ஏற்கெனவே இழுக்கத் தொடங்கியிருந்தாள். கால் சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்தபடியே இழுத்தாள். நல்லகாமன் "பிடிங்கடா" என்று சொன்னது கேட்டது. கயிறு எதிர்த்தது, துடித்தது, பிறகு பாரமாகி வந்தது. தண்ணீருக்கு மேலே முதலில் தெரிந்தது அவன் முதுகு. கால்கள் அதற்குப் பிறகு. தலை கடைசியாக. கரைக்குத் தூக்கிப் போட்டதும் குப்புறக் கவிழ்ந்து வாந்தி எடுத்தான். இரண்டு கையாலும் புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, தரை எங்கேயோ வழுக்கிப் போய்விடும் என்பது போலக் கன்னத்தை மண்ணில் அழுத்தி வைத்திருந்தான். தண்ணி குடிச்சிட்டாரு என்றார்கள். யாரோ துண்டு கொடுத்தார்கள்.

டிராக்டர் இழுத்தது. தடி முரண்டுபிடித்துப் பிறகு பட்டென்று கழன்று வந்தது. நான்கு பேர் சக்கரத்தைச் சுற்ற, ஷட்டர் கறகறவென்று இறங்கித் தரையில் உட்கார்ந்தது. கால்வாயில் தண்ணீரின் இரைச்சல் படிப்படியாக அடங்கி, கலுங்குச் சத்தம் மட்டும் கேட்டது. அசோக்குமார் மணல்மூட்டைகளைச் சரிவில் அடுக்கச் சொல்லிவிட்டு வந்து ஸ்டீவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆளாளுக்குச் செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அந்த வீடியோ தூத்துக்குடிக்குப் போய்விட்டது. பீமாராவ் கூப்பிட்டார். துறைமுக வேலையில் ஸ்டீவுக்கு மேலாளர், விசாகப்பட்டினத்துக்காரர். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது மாதிரிப் பேசுவார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் ஜாய்ஸுக்கும் கேட்டது.

"ஸ்டீவ், நம்ம பையன் சூப்பர். எல்லாருக்கும் காட்டினேன். நீ ஃபிட் தான், எனக்கு சந்தேகம் இல்ல. அந்த சர்டிபிகேட் மட்டும் கொண்டு வா. நிலக்கரி தளம் முழுக்க செக் பண்ணணும். ஆள் இல்ல."

"வாரேன் சார்" என்றான் ஸ்டீவ். போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டிலிருந்து கேசரி வந்திருந்தது. அதை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "இனிமே யாரு என்ன கேக்கப் போறா" என்றான்.

ஜாய்ஸின் உள்ளங்கையில் கயிறு அறுத்த இடம் எரிந்துகொண்டிருந்தது. தேங்காய் எண்ணெயைத் தடவியபடி, அவன் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

"ஏன் கயிறு கேட்டீங்க?"

"மேல வாரதுக்குத்தான். நீ விடாம பிடிச்சுக்கிட்ட."

"கயிறு கீழ போச்சுங்க."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். தட்டைக் கீழே வைத்தான். அவன் நெஞ்சுக்குள் அந்த நிமிடம் மறுபடியும் ஓடுவதை அவள் பார்த்தாள். கலங்கல், திசை, கையில் தட்டுப்பட்ட சேறு. சேறு ஏன் தட்டுப்பட்டது என்று அப்போது அவன் யோசித்திருக்க மாட்டான். "அந்த எஞ்சினியர் கேட்டப்ப நீ சொல்லிருக்கலாம்" என்றான் கடைசியில். குற்றம் சொல்கிற குரலாக அது இல்லை.

"சொல்லிருக்கணும்" என்றாள் ஜாய்ஸ்.

திங்கட்கிழமை இருவரும் டவுனுக்குப் பஸ் ஏறினார்கள். காது கேட்கும் திறனைச் சோதித்துச் சீட்டுக் கொடுக்கிற இடம் ஒன்று அங்கே இருந்தது. அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கம்பெனி டாக்டர் காதைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். காளவாசல் நெரிசலில் பஸ் நின்றபோது ஸ்டீவ் குனிந்து அவளிடம், "கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்கார வைப்பாய்ங்க. சத்தம் கேட்டா வெரலத் தூக்கணும். வெளிய இருக்குற பொண்ணு பட்டன அமுக்குறப்ப தோளு லேசா அசையும். போன வருசமே கவனிச்சேன்" என்றான்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பின்னாலிருந்த ஆட்டோக்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். "அந்த நிலக்கரித் தளத்துல கயித்த யாரு பிடிப்பா?" என்று கேட்டாள். யாராவது புதுப் பையன் என்றான். பெரியார் நிலையத்தில் இருவரும் இறங்கினார்கள்.

சோதனை செய்கிற பெண்ணின் பெயர் மீனா என்று சட்டையில் குத்தியிருந்தது. ஸ்டீவைக் கூண்டுக்குள் பக்கவாட்டில் உட்காரவைத்து, காதுகளில் ஹெட்போனை மாட்டிவிட்டு வந்து, வெளியே கருவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஜாய்ஸை அவளுக்குப் பின்னாலிருந்த நாற்காலியில் இருக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்குள் அவன் தடித்த கழுத்தும், முழங்காலில் வைத்திருந்த கையும் தெரிந்தன. முதலில் வலது காது. அவன் எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீனா சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனாள், விரல் ஒவ்வொரு முறையும் தயங்காமல் உயர்ந்தது. "நல்லாக் கேக்குது இவருக்கு" என்று திரும்பிச் சொன்னாள்.

பிறகு இடது காது. அவன் தலை அசையவில்லை, கண் மட்டும் நகர்ந்தது. மீனாவின் தோள் அசைந்தது. விரல் உயர்ந்தது. மறுபடியும் தோள். மறுபடியும் விரல். மீனா தாளில் ஒரு புள்ளி வைத்தாள். எழுந்து அந்தத் தோளை மறைத்து நிற்கலாம். இந்தப் பெண்ணிடம் குனிந்து ஒரு வார்த்தை சொல்லலாம். ஜாய்ஸ் எழுந்தே விட்டாள். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தத்துக்கு மீனா திரும்பினாள்.

கூண்டுக்குள் அந்தச் சத்தம் போயிருக்காது. ஆனால் அவன் அவளைப் பார்த்துவிட்டான். ஜாய்ஸ் தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை. எழுந்த இடத்திலேயே நின்றாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் ஏதோ சொல்கிறாள், தனக்குத்தான் கேட்கவில்லை என்பது போல. பிறகு கண்களை மூடிக்கொண்டான்.

"ஒக்காருங்க அக்கா, முடியப் போகுது" என்றாள் மீனா.

பொத்தானை அழுத்தினாள். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டி மறுபடியும் அழுத்தினாள். இன்னும் கூட்டினாள். கண்ணாடிக்கு அப்பால், மூடிய இமைகளுக்குக் கீழே அவன் முகம் ஏதோ ஆழத்தில் கவனமாக இருந்தது. முழங்காலின்மேல் கிடந்த விரல் மெல்ல எழும்பியது. பாதியில் நின்றது.